கையைத் தூக்கப் பழகியவன்

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த நல்லம்மாவுக்குக் கவலை ஒன்றுதான்: தான் மலைக்குப் போனால் மகன் அழகமுத்தை யார் பார்த்துக்கொள்வது? அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. அறிவு மட்டும் மூன்று வயதோடு நின்றுவிட்டது. வளர்ந்த பிறகும் கொஞ்சக் காலம் பிள்ளைக்காம்பராவில், தொட்டில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஆயா பாப்பம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"இம்புட்டுப் பெரிய ஆம்பளைய நா எப்புடிக்கா பாப்பேன்?"

அவள் மேலும் தப்பில்லை. நல்லம்மா அவனை உள்ளே விட்டு லயத்து வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போனாள். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். எல்லாரும் தேயிலைக்குள் ஓடி ஒளிய, அவள் மட்டும் சாவியோடு திரும்பி ஓடினாள். புகைக்குள், கதவைத் தட்டக்கூடத் தெரியாமல் அவன் உட்கார்ந்திருந்தான். அதன்பிறகு குடிவந்த லயத்தில் அந்தப் பூட்டு தகரப்பெட்டியின் அடியில் கிடந்தது. மகனையும் மலைக்குக் கூட்டிப்போனாள், கங்காணியிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு யுத்தம். தமிழ் வாலிபன் என்றால் பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதித்தார்கள். கையைத் தூக்கச் சொல்லியும் இவன் முழித்துக்கொண்டு நின்றதைத் திமிர் என்று நினைத்து ஒரு ஆமிக்காரன் கன்னத்தில் அறைந்தான். அன்றிலிருந்து நல்லம்மா வீட்டிலேயே பாடம் நடத்தினாள். எழும்பு, உட்கார், கையைத் தூக்கு என்று சிங்களத்தில் அதட்டுவாள். சரியாகச் செய்தால் ஒரு பிஸ்கட். மாசக்கணக்கில் உயிரைக் கொடுத்துப் பழக்கினாள்.

"இனி இவன மலைக்குக் கொண்டாந்தா ஒனக்குப் பேர் போட மாட்டேன், சம்பளமும் இல்ல" என்று கங்காணி ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று கண்டியில் இருந்தது. அரசாங்க டொக்டர் எழுதிக்கொடுத்தால் சேர்ப்பார்களாம். இலவச வைத்தியம் என்று நாடே மார்தட்டுகிறதே! காய்ச்சலுக்குக் குளிசை உண்டு, பைத்தியத்துக்கு வார்டு உண்டு. இவனுக்கு என்ன உண்டு என்று கேட்டால், அந்த ஜன்னலில் கேள், இந்த ஜன்னலில் கேள். அலைந்து அலைந்து கடைசியில் ஒரு கிளினிக்கில் டொக்டரின் முன்னால் மகனை நிறுத்தினாள்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் எழும்பச் சொன்னார், எழும்பினான். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தான். கையைத் தூக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கினான். சாரம் கட்டத் தெரியாத பிள்ளை அன்றைக்கு ஒன்றிலும் பிழைவிடவில்லை.

"அம்மா, மகனுக்குச் சொல்லுறதெல்லாம் விளங்குதாம். இல்லத்துக்கு எழுத ஏலாதாம்" என்றாள் யாழ்ப்பாணத்து நர்ஸ் கமலாசனி.

"ஐயோ, அது நா பழக்குனதுங்க! ஆமிக்காரன் அடிக்கக்கூடாதுன்னு பழக்குனேன். அவன் பேரைக் கேக்கச் சொல்லுங்க, அதுகூடச் சொல்லத் தெரியாதுங்க!"

கமலாசனி அதையும் சொல்லிப் பார்த்தாள். டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"பழக்கினா பழகுறான்தானே, வீட்டிலயே வைச்சுப் பழக்கட்டாம்" என்றாள், நல்லம்மாவின் முகத்தைப் பாராமல்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்கு அழைக்கும் தப்பு முழங்கியது. நல்லம்மா தகரப்பெட்டியைத் துழாவிப் பூட்டை எடுத்தாள். டொக்டரை, கங்காணியை, அரசாங்கத்தை, பெற்ற வயிற்றை, எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். சத்தத்தில் அழகமுத்து எழும்பினான். பூட்டைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான்.

பிஸ்கட் கேட்கவில்லை. அப்படியே நின்றான்.