கறக்க மாட்டாத கை

எனக்குப் பசி போன கதையச் சொல்றேன். சீக்கு வந்து போகல. நானே டாக்டரத் தேடிப் போயி, மாத்திரை வாங்கி முழுங்கி, வேணும்னே போக்கிக்கிட்டேன். எழுபதுகள்ல, பொள்ளாச்சிக்கு மேக்க கேரளா எல்லையோரமா இருக்கற கோபாலபுரத்துல எங்க தோட்டத்து ஊட்டுல இருந்தப்ப நடந்தது.

எல்லாம் ஒரு எருமையால வந்த வினை. அதோட கன்னு பொறந்த பத்தாம் நாளே செத்துப்போச்சு. கன்னு இல்லாத எருமை லேசுல பால் எறக்காது. என்னமோ, என் கை பட்டா மட்டும் எறக்குச்சு. வேற ஆரு பக்கத்துல போனாலும் உதைதான். என் வீட்டுக்காரரு ஒருக்கா வாங்கிக்கிட்டு நாலு நாள் நொண்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. நானோ மூணு பெத்து, எண்பத்திரண்டு கிலோவுல வந்து நின்னேன். முட்டி மடங்க மாட்டேங்குது. எருமைக்குப் பக்கத்துல குத்தவெச்சா, எந்திரிக்கறதுக்கு அந்த எருமையோட காலத்தான் புடிக்கணும்.

"ஏம்புள்ள, உன்னால குத்தவைக்க முடியல, அது வேற ஆளையும் சேர்க்கல. சந்தைக்கு ஓட்டிரலாம்"னாரு அவரு.

சந்தைன்னா பொள்ளாச்சி. அங்க கைமாறுற மாடு, எருமைகள எங்க ஊட்டு வாசல் வழியாத்தான் செக்போஸ்ட் தாண்டி மேக்க கேரளாவுக்கு ஓட்டிட்டுப் போவாங்க. கன்னும் இல்லாம, ஒருத்தர் கைக்கு மட்டும் கறக்கற எருமைய வளக்கறதுக்கு ஆரு வாங்குவா? கறிக்குத்தான் போகும். அந்தக் கூட்டம் போறப்பல்லாம் நான் வாசக் கதவச் சாத்திக்குவேன்.

அதனாலதான், ஒடம்பக் கொறைச்சுக்கறேன், பொறுங்கன்னு அவருகிட்டச் சொல்லிட்டு டாக்டர்கிட்டப் போனேன். "வாயக் கட்டுங்கம்மா"ன்னாரு. "அது தெரிஞ்சா நான் எதுக்குங்க பஸ் ஏறி இங்க வர்றேன்"னேன். சிரிச்சுக்கிட்டே, பசிய அடக்குற மாத்திரை ஒண்ணு எழுதிக் கொடுத்தாரு. சின்னதா வெள்ளையா இருக்கும். தெனம் வெடியால ஒண்ணு.

மூணாம் நாள் மத்தியானம் அரிசியும்பருப்புஞ் சோறு. நெய்ய ஊத்திப் பெசஞ்சு வெச்சிருக்கேன். வாசம் வருது. நல்ல வாசம்னும் தெரியுது. ஆனா கை மட்டும் வாய்க்குப் போக மாட்டேங்குது. அட, இதென்ன அதிசயம்னு எனக்கே வேடிக்கையாப் போச்சு. சரி, சோதிச்சுப் பாப்போம்னு பணியாரம் சுட்டு முன்னால வெச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒண்ணும் நடக்கல. பசின்னு ஒண்ணு வயித்துல இருந்துச்சே, அது இப்ப எங்க போயிருக்கும்? செத்துப்போச்சா, தூங்குதா? இல்ல, அது வயித்துலயே இல்லாம தலைக்குள்ள இருந்துச்சா? யோசிக்க யோசிக்க ஆச்சரியந்தான். வாய் மட்டும் காஞ்சு கெடக்கும், நெஞ்சு படபடங்கும், பேச்சு எச்சா வரும். "மாத்திரை பசியக் கொறைச்சது சரி, பேச்சையும் சேத்துக் கொறைக்கப்படாதா?"ன்னு வீட்டுக்காரரு கும்பிட்டாரு.

நாளுக்கு ரண்டு டம்ளர் காப்பி, ஒரு கரண்டி தயிர்ச்சோறு. அவ்வளவுதான் என் சாப்பாடு. அஞ்சு மாசத்துல ரவிக்கையெல்லாம் பிடிச்சுத் தெச்சாச்சு. எங்களோட ஒரே ஊட்டுல இருந்த கொளுந்தனார் சம்சாரம், "அக்கா, எளைச்ச ஒடம்புக்கு வேலை ஆகாது"ன்னு ஆட்டுக்கல்லையும் கெணத்துக் கவுறையும் அவளே எடுத்துக்கிட்டா. ஒரு நாள் எருமைக்குப் பக்கத்துல குத்தவெச்சு, எதையும் பிடிக்காம எந்திரிச்சேன் பாருங்க. சத்தியமா அழுதுட்டேன். இனி இதை ஆரும் ஓட்டிக்கிட்டுப் போக முடியாதுன்னு நெனச்சேன்.

அந்த மாசத்துலயே பால் கொறைய ஆரம்பிச்சுது.

கறக்கற பாத்திரம், அந்தப் போசியில கழுத்து வரைக்கும் வர்ற பால் பாதிக்கு வந்து நின்னுச்சு. பருத்திக்கொட்டைய எச்சுப் பண்ணிப் பாத்தேன். தீவனத்துக்குச் சோளத்தட்ட மாத்திப் போட்டேன். மொளகா சுத்திப் போட்டேன். எருமைக்குத்தான் கண்ணேறு பட்டுச்சோ, இல்ல எளைச்ச எனக்குப் பட்டு அது மேல எறங்குச்சோன்னு ரண்டு பேருக்கும் சேத்தே சுத்துனேன். ஒண்ணும் பலிக்கல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "வத்துதுடி. வர்ற வியாழக்கிழமை ஓட்டிரலாம்"னு சொல்லிட்டாரு வீட்டுக்காரரு.

அடுத்த நாள் கறந்து முடிச்சு எந்திரிச்சு, தண்ணி வைக்கலாம்னு திரும்புனா, எருமை நின்ன எடத்துல மண்ணு மேல வெள்ளையாச் சொட்டுச் சொட்டா விழுந்திருக்கு. குனிஞ்சு பாத்தேன். காம்புல இருந்து பால் தானா வடியுது! மடியத் தொட்டா கல்லு மாதிரி கனக்குது. அப்ப, பால் வத்தல. உள்ளாறதான் இருக்குது. நான் கறந்தா முழுசா வர மாட்டேங்குது, அவ்வளவுதான். ஏன்?

அன்னிக்கு மோட்டார் தொட்டியில நானும் கொளுந்தனார் சம்சாரமும் ஜமுக்காளம் அலசுனோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு முறுக்கிப் பிழியறப்ப, என் பக்கத்து நுனி என் கைக்குள்ளயே வழுக்கிச் சுத்துது. "இறுக்கிப் பிடிங்கக்கா"ங்கறா. பல்லக் கடிச்சுப் பிடிச்சேன். மறுபடியும் சுத்துது. முந்தியெல்லாம் நான் முறுக்குனா அவதான் கெஞ்சுவா.

தொட்டி மேல உக்காந்து என் கையவே பாத்தேன். முழங்கைக்குக் கீழ உருண்டையா இருந்த சதையக் காணோம். எருமைக் காம்பு பசுமாட்டுக் காம்பு மாதிரி இல்லீங்க. கெட்டி. நல்ல பிடி வேணும். முட்டிக்காகத்தான் எளைச்சேன், கை போயிருச்சே!

மறுநாளே பஸ் ஏறுனேன். டாக்டர் மெஷின்ல ஏத்திப் பாத்து, "பதினாறு கிலோ! சபாஷ்!"னாரு.

"அந்தப் பதினாறுல என்னென்ன போச்சுங்க?"

"கொழுப்புதானுங்கம்மா."

"அப்ப என் கை எங்கீங்க?"

சிரிக்க வாயெடுத்தவரு, என் மொகத்தப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டாரு. ரண்டு வெரல நீட்டி, "இறுக்கிப் பிடிங்க"ன்னாரு. பிடிச்சேன். நெசமாவே அவரு மொகம் மாறிப்போச்சு. என்ன சாப்பிடறேன்னு கேட்டாரு. சொன்னேன்.

"பசி இல்லீன்னாலும் ஒடம்பு கேக்காம இருக்குமுங்களா? நீங்க போடலீன்னா அது கொழுப்போட சேத்துச் சதையையும் எடுத்துத் தின்னுரும். இதை நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்"னு ஒத்துக்கிட்டாரு. மாத்திரையப் பாதியாக்குனாரு. பசி வருதான்னு பாக்காம நேரம் பாத்து முட்டை, பருப்பு, கடலை சாப்பிடச் சொன்னாரு. "விட்ட வேலையக் கொஞ்சங் கொஞ்சமா எடுங்க. வேலை இல்லாத சதை நிக்காது"ன்னாரு. கை திரும்பறதுக்கு ரண்டு மூணு மாசம் ஆகுமாம். எனக்கு இருந்ததோ வியாழக்கிழமை வரைக்கும் மூணு நாள்.

ஊட்டுக்கு வந்து வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். "ஏனுங்க, அதுக்குப் பால் இருக்குது. எனக்குத்தான் கை இல்ல."

நம்பல. எருமை கட்டியிருக்கற கட்டுத்தாரைக்குக் கூட்டிட்டுப் போயி வடியறதக் காட்டுனேன். ஒரு சொட்ட வெரலால தொட்டுப் பாத்துட்டு, என்னைக் குத்தவைக்கச் சொன்னாரு. அப்புறம் என் பின்னால வந்து குத்தவெச்சு, என் முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டாரு. "என் வாசம் அதுக்குத் தெரியப்படாது. நீ காம்பப் பிடி"ன்னாரு. நான் பிடிச்சேன். என் கை மேல அவரு கைய வெச்சு அழுத்துனாரு. சர்ர்ருன்னு பால் போசியில எறங்குச்சு. ஒரு உதை இல்ல. எருமை திரும்பிக்கூடப் பாக்கல. முந்தானைக்குள்ள இருந்து, "சந்தையாவது ஒண்ணாவது"ன்னு சத்தம் வந்துச்சு.

அதுக்கப்புறம் வெடியாலயும் பொழுதோடயும் ரண்டு கறவைக்கும் எங்களுக்கு இதே வேலை. கொளுந்தனார் சம்சாரம் எட்டிப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டு ஓடுவா. நானும் மருந்து மாதிரி நேரம் பாத்துத் தின்னேன். பசியே இல்லாம முட்டைய முழுங்கறது எவ்வளவு கஷ்டம்னு தின்னவங்களுக்குத்தான் தெரியும். எங்க வண்டிக் காளைக்கு வேகவெச்ச கொள்ளுல நான் ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டா, வீட்டுக்காரரு "காளைக்குப் பங்காளி வந்துட்டா"ம்பாரு. ஆட்டுக்கல்லையும் கெணத்துக் கவுறையும் சண்டை போட்டுத் திரும்ப வாங்குனேன்.

ரண்டு மாசம் கழிச்சு ஒரு வெடியால, நுரை போசிக்கு மேல பொங்கி வழிஞ்சுது. "மெதுவா அழுத்துங்க, எருமைக்கு வலிக்கப் போகுது"ன்னு அதட்டுனேன்.

"நான் அழுத்தி எட்டு நாளாச்சு புள்ள"ன்னாரு.

கீழ பாத்தேன். அவரு கை என் கை மேல சும்மாதான் கெடந்துது.

"பின்ன எதுக்குங்க நித்தமும் வந்து குத்தவெச்சீங்க?"

"பேசாமக் கற. அது கால மாத்தி வெக்குது"ன்னாரு. கைய எடுக்கல. எடுங்கன்னு நானும் சொல்லல.