பின்னேரத் தண்ணீர்

அனலைதீவில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு சிறிய வாசிகசாலை. இரண்டு அறைகள், ஆறு தூண்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஆறு மாதப் பயிற்சிக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து காலைப் படகில் போவேன். கடைசிப் படகில் திரும்புவேன்.

பதிவேடு என் பொறுப்பு. சீமெந்துப் பை எத்தனை இறங்கியது, கம்பி என்ன தடிப்பு, கலவை எத்தனை மணிக்குப் போட்டது, எல்லாம் எழுத வேண்டும். எனக்குப் பிடித்த வேலைதான். சந்தைக்குப் போவதென்றாலும் பட்டியல் எழுதாமல் நான் வெளிக்கிடுவதில்லை.

தூண்களுக்குக் கொங்கிரீற் போட்டபின் ஏழு நாளைக்கு ஈரம் காயக்கூடாது. சாக்கைச் சுற்றி, காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைச் செய்தவர் அந்த ஊர் அக்கா ஒருவர். அவருடைய கணவர் கடலுக்குப் போகிறவர். அந்த வருடம் நாரி பிடித்து, நிமிர முடியாமல் வீட்டில் இருந்தார். அக்காவின் உழைப்பில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அக்கா ஒவ்வொரு வாளியிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். அங்கே எல்லாரும் அப்படித்தான். ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர் என்றால் வேலிக்கு அங்கால் உள்ள கிணற்றில் உவர். உவர்த்தண்ணீர் கொங்கிரீற்றுக்குள் ஊறினால் கம்பி கறள் பிடித்து அரித்துப்போகும் என்று நான் படித்திருந்தேன். ஆனால் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு தரத்துக்கும் 'நல்ல தண்ணீர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சரி போடுவேன்.

"பிள்ளை, உம்மட பதிவுக் கொப்பி தண்ணி குடிக்குமோ? ஒருக்கா நீரும் நாக்கிலை வைச்சுப் பாருமன்," என்று அக்கா ஒருநாள் கேலி செய்தார்.

"உங்கட நாக்கு காணும் அக்கா, என்ரை எதுக்கு?"

பின்னேரத் தண்ணீர் வெயில் தாழ்ந்தபின்தான் ஊற்றுவது. என் படகு அதற்கு முன்பே வெளிக்கிட்டுவிடும். அதனால் பின்னேரக் கட்டத்துக்கும் மத்தியானமே சரி போட்டுவிட்டுப் போவேன். அக்கா எப்படியும் ஊற்றுவார்தானே.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் துறையடிக்கு வந்துவிட்டேன். அக்கா பின்னால் ஓடிவந்தார்.

"பிள்ளை, நாங்கள் அள்ளுற தோட்டக் கிணத்திலை இனி அள்ள வேண்டாமெண்டு தோட்டக்காரர் சொல்லிப்போட்டினம். நல்ல தண்ணி அவையளுக்கே காணாதாம். பக்கத்துக் கிணறுதான் கிடக்கு, அது உவர். என்ன செய்யிறது?"

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். "தங்கச்சி, வாறீரோ, இல்லை தூணுக்குக் காவல் நிக்கப்போறீரோ?"

"எதையாவது ஊத்துங்கோ அக்கா. காயாமல் இருந்தால் காணும்," என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

பிறகு மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. என்ன தண்ணீர் ஊற்றினார் என்று விசாரித்தால் பொறியியலாளருக்குச் சொல்லி, வேலணையிலிருந்து பீப்பாய்களில் தண்ணீர் எடுப்பிக்க வேண்டிவரும். விசாரிக்காமல் தொடர்ந்து சரி போட்டேன்.

சாக்கை அவிழ்த்தபோது தூண்களில் வெள்ளை பூத்திருந்தது. பொறியியலாளர் வந்தார். பூத்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். "என்ன தண்ணி ஊத்தினது?" என்று என்னைக் கேட்டார். நான் பதிவேட்டை நீட்டினேன். ஏழு நாள், இருபத்தொரு சரி.

"உம்மட பதிவு வடிவாய்க் கிடக்கு. அப்ப ஊத்தின ஆள்தான் ஏமாத்தியிருக்கிறா," என்றார். நாளையிலிருந்து அக்காவை வேலையிலிருந்து நிற்பாட்டச் சொன்னார்.

அக்கா பத்தடி தள்ளி மணல் அரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து பேனா மூடியைத் தேடினேன். அது பேனாவிலேயே இருந்தது.

"ருசி பாத்துப் பாத்து உனக்கு நாக்கு மரத்துப்போச்சு போல," என்று மேசன் ஒருவர் சிரித்தார். அக்கா அரிதட்டைத் தட்டிச் சுவரோடு சாத்திவிட்டுப் போனார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனார் என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் அந்த நினைப்போடு பதிவேடு எழுதினேன். பிறகு ஒருநாள் மத்தியானம் பிஸ்கட் பெட்டி ஒன்றுடன் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலையிலிருந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் அண்டைக்கு என்னைச் சொல்லாமல் விட்டதுக்கு..."

"நான் எங்கை விட்டனான்? என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. கேட்டிருந்தால் உம்மைத்தான் சொல்லியிருப்பன்."

நான் நின்றேன். அவர் இருக்கக் கதிரை போடவில்லை.

"இப்ப பொறியியலாளர் சேரிட்டைச் சொல்லட்டே அக்கா?"

"அதையும் என்னட்டையோ கேக்கிறீர்?"

படலைக்கு வெளியே நின்று பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். துறையடியில் அக்காவிடம் நான் சொன்னதையும், ஊற்றமுன்பே சரி போட்ட பின்னேரக் கட்டங்களையும் வரிசையாகச் சொன்னேன்.

"உம்மட பயிற்சி அறிக்கையிலை இது வரும்," என்றார்.

"ஓம் சேர்."

"அவவைத் திரும்ப வரச்சொல்லும். தூண் எல்லாத்தையும் நல்ல தண்ணியாலை கழுவ வேணும்."

இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பன்னிரண்டு நாள் அக்காவை வீட்டில் இருத்தியிருந்தேன். உள்ளே போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு ஏலாது. வெங்காயம் கிண்ட வாறனெண்டு சொல்லிப்போட்டன். திங்கள் வாறன்," என்றார். பிஸ்கட் பெட்டியைத் திரும்ப என் கையில் தந்தார்.

பதிவேட்டில் பிழையான சரிகளைச் சிவப்பால் வெட்டிக் கையெழுத்து வைத்தேன். மூன்றாம் நாள் பின்னேரத்திலிருந்து பதின்மூன்று.

திங்கட்கிழமை வேலணைத் தண்ணீர் படகில் வந்தது. அக்கா முதல் வாளியை நிரப்பினார். தான் விரல் வைக்காமல் அதை என் காலடியில் வைத்துவிட்டு நின்றார். மேசன்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து நாக்கில் வைத்தேன்.

"நல்ல தண்ணி அக்கா."

"எழுதும்," என்றார். நான் எழுதி முடிக்கும்வரை வாளியைத் தூக்கவில்லை.