வெள்ளி மைக்காக ஒரு டுரியான் விரதம்

பாயான் பாருவில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வெள்ளியை மையாக்குகிறோம். கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மெல்லிய பூச்சு கொடுத்து, அந்த மையால் பிளாஸ்டிக் தாளில் மின்கோடு வரைவோம். எல்லாம் பூச்சின் கையில்தான் இருக்கிறது. எலக்ட்ரான் ஒரு துகளிலிருந்து அடுத்ததற்குத் தாவவேண்டும். பூச்சு கனத்தாலோ மாறினாலோ தாவாது. அப்புறம் வெள்ளி என்று பெயர்தான்.

டுரியான் சீசன் தொடங்கிய வாரம் என் கோடுகள் எதிலும் மின்சாரம் சரியாக ஓடவில்லை. ஆய்வுக்கூடத் தலைவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து என்னை மோப்பம் பிடித்தார்.

"நேத்து டுரியான் சாப்பிட்டியா தங்கச்சி?"

"சீசன்தானே அண்ணே, சாப்பிடாம?"

"அதான் லா பிரச்சினை. அந்த வாடையே கந்தகம். அது உன் பூச்சைத் தள்ளிட்டு வெள்ளி மேல உக்காந்துக்கும். கோடு சரியாகுற வரைக்கும் டுரியானைத் தொடாத."

வருடம் முழுக்க நான் வேலைக்குப் போவதே அந்தப் பழத்தை வாங்கித் தின்னத்தான். ஆனால் அவர் சொன்ன வேதியியலில் தப்பில்லை. வீட்டில் சட்டம் போட்டேன். கணவர் கார் நிறுத்துமிடத்தில் நின்று தின்றுவிட்டு, பல் துலக்கி, சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஜன்னல் வழியாக வரும் வாசனையில் நான் தயிர்சோறு தின்றேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோடுகள் இன்னும் மோசமாயின. அண்ணே கணவருக்கும் தடை போட்டார்.

"நான் தின்னா உன் வெள்ளிக்கு என்ன?" என்று கத்தினார் கணவர்.

கடைசியில் அவரும் நிறுத்தினார். அதற்கும் கோடுகள் மசியவில்லை. "தோல்ல ஊறியிருக்கும்" என்று, வழக்கமாகப் போடும் ரப்பர் கையுறையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடச் சொன்னார் அண்ணே. மின்சாரம் அடியோடு நின்றது.

ஒருநாள் கையுறை தீர்ந்துபோனது. கேன்டீன் அக்காவிடம் குழம்பு கட்டும் பிளாஸ்டிக் பைகளை வாங்கி, கையில் மாட்டி, டேப் ஒட்டிக்கொண்டு வேலை செய்தேன். மின்சாரம் தண்ணீராக ஓடியது.

அண்ணே காலிக் கையுறைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். சீசன் தொடங்கிய வாரம் வந்த புது வகைக் கையுறை அது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள் என்பது ரப்பர் விளையும் இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

"அப்ப டுரியான்?" என்றேன்.

"அது ஒரு சந்தேகம்தானே லா. இனி நல்லா சாப்பிடு. நான் தினமும் சாப்பிட்டேனே, நான் வெள்ளியைத் தொடுறதில்லையே."

வேலை முடிந்ததும் நேராகப் பழக்கடைக்குக் காரை விட்டேன். கடைக்காரச் சீனர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஹாபிஸ்," என்றார். எல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த சீசனுக்கு வா என்று மலாயில் சொன்னார். அவர் காலடியில் வெறும் முள்தோடுகள் குவிந்து கிடந்தன. ஒரு தோட்டை எடுத்து முகர்ந்தேன்.

அவர் பாவப்பட்டு, அதை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார்.