பூசணிக்காய் காத்த மூட்டைகள்

முனிரத்தினம் இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியோடு வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர் மகள் கலைவாணி போனில் சொன்னாள்: "அப்பா காலையில பூட்டாரு மேடம்." பிறகு, "கொட்டாய்ல அந்த மூட்டைங்க அப்படியே கீது. நல்லா மக்குன எருதானே, வாழைக்குப் போட்டுடலாம்னு சித்தப்பா சொல்றாரு. இன்னா பண்றது?" என்றாள்.

அவர் ஊரான சேரப்பணஞ்சேரியில் அவரை அறிந்த எல்லோருக்கும் அந்த மூட்டைகளைத் தெரியும். உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்றின் கழிவுநீர் பல ஆண்டுகள் அவர் நிலத்தில் பாய்ந்தது. அந்தப் பட்டறையில்தான் அவர் வேலையும் பார்த்தார். பட்டறை மூடிய பிறகு, குரோமியமும் காட்மியமும் ஊறிய அந்த மண்ணில் மக்கிய எருவோடு காளான் பூஞ்சையைப் பரப்பிச் சோதிக்க எங்கள் பல்கலைக்கழகக் குழு போனது. பூஞ்சை இழைகள் உலோகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று முனிரத்தினத்திடம் விளக்கினேன்.

"புடிச்சிகினு? அப்பறம் எங்க போவும்?"

எங்கும் போகாது, காளானையும் எருவையும் அள்ளி மூட்டை கட்டி, அபாயக் கழிவாக அகற்ற வேண்டும் என்றேன்.

"அள்றது நானு. அகத்தறது யாரு?"

"நாங்கதான்" என்றேன்.

மழைக்குப் பின் காளான் வெள்ளை வெளேரென்று பூத்தது. நாங்கள் நட்ட எச்சரிக்கைப் பலகை யார் வீட்டுக் குளியலறைக்கோ கதவாகிவிட்டது. பக்கத்து அறைகளில் தங்கியிருந்த தென் மாவட்டத்துத் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து காளான் பறிக்கப் பையோடு வந்தார்கள். மறுநாள் நான் போனபோது, வரப்பின் நான்கு மூலைகளிலும் குங்குமம் தடவிப் பிளந்த பூசணிக்காய், எலுமிச்சை, மிளகாய். யாரோ திருஷ்டி கழித்துப் போட்டதுபோல் இருந்தது. அதைத் தாண்டி ஒருவரும் கால் வைக்கவில்லை. வைத்தது முனிரத்தினம்தான். ஆய்வு நடக்கும் இடத்தில் இதென்ன என்று அவரிடம் கோபித்தேன். அவருக்கும் அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "உங்க போர்டு படிச்சவனுக்கு மேடம். இது பயப்படறவனுக்கு. படிச்சவன்தான் பையோட வர்றான்" என்றார்.

மேல்மண்ணில் உலோகம் குறைந்தது. நான் அறிக்கை எழுதினேன். செலவை ஏற்ற நிறுவனம் விழா எடுத்து அவருக்குச் சால்வை போர்த்தியது. மூட்டைகளை எடுக்க மட்டும் வண்டி வரவில்லை. திட்டக் காலம் முடிந்துவிட்டதாம். ஒவ்வொரு அலுவலகமும் இன்னொன்றைக் கைகாட்டியது. நானும் இரண்டு கடிதங்கள் எழுதிவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டேன். அவர் மாட்டை விற்றுவிட்டு, கொட்டகையில் மூட்டைகளை அடுக்கினார். அறிக்கையின் பிரதியைக் கொடுத்தபோது நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

"நெலத்துல கொறஞ்சிடுச்சின்னு போட்டுக்கீறீங்க. என் வூட்ல ஏறிடுச்சே, அத்த எங்க போட்டுக்கீறீங்க?"

எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தார். பட்டறையா, மண்ணா, மூட்டையா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். சான்றில்லாமல் சொல்ல மாட்டேன். சான்றைத் தேட யாரும் முன்வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். அவர் தம்பி இரண்டு மூட்டைகளை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தார். வாழை வேர் எதை உறிஞ்சும், அது யார் இலைக்கு வந்துசேரும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எருதான மேடம்" என்றார்.

கலைவாணியும் நானும் மூட்டைகளை உள்ளே தள்ளினோம். படப்பைக்குப் போய் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தேன். பிளந்து, குங்குமம் தடவி, கொட்டகை வாசலில் வைத்தேன். தம்பி இரண்டடி பின்வாங்கினார்.

மூன்றாவது கடிதத்தை அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. பூசணி அழுகும்போதெல்லாம் வேறொன்று வாங்கிப்போய் வைக்கிறேன். முனிரத்தினத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலையும், "அகத்தறது யாரு?" என்ற கேள்வியும். அதற்கு நான் சொன்ன பதிலும் என்னிடம்தான் இருக்கிறது.