நான் எறிந்த கல்

நிலக்கரி வேண்டாம், சூரிய மின்சாரம் வேண்டும் என்று திருகோணமலை துறைமுக வீதியை மறித்து நின்றோம். நிலக்கரி ஏற்றிய லொறி ஒன்று ஹோர்ன் அடித்தபடி நெருங்கியது. ஆத்திரத்தில் கல்லை எறிந்தேன். கண்ணாடி நொறுங்கியது. முகமெல்லாம் இரத்தத்துடன் இறங்கிய கிண்ணியா ஊர் முஸ்லிம் சாரதியை எங்கள் ஆட்கள் விழுத்தி மிதித்தார்கள். ஒருவன் தடியை ஓங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்மேல் விழுந்து மறைத்தேன். அடி என் தோளில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அவரிடம், அவர்கள் ஊரில் அண்ணனை அழைக்கும் முறையில், "கல்லெறிஞ்சது நான்தான், காக்கா" என்றேன்.

"ஓம், கண்டனான்" என்றார். "இந்தக் கரித்தூளால எனக்கும் மூச்சு முட்டுது. வேற தொழில் இருந்தா நானும் உங்களோட நிண்டிருப்பன்."

பொலிஸில் நானே ஒப்புக்கொண்டேன். அவருடைய இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. நாங்கள் அன்று கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் அவரைப் போன்றவர்களின் பிழைப்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. அதை எழுதியவனும் நான்தான்.