வெறும் பால்கட்டு என்றார்கள்

போன வருஷம் ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம். எளாவூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் எனக்கு காண்ட்ராக்ட் வேலை. பிரசவத்துக்குப் போனவளை மறுபடியும் எடுத்துக்கொள்கிறார்களே என்று, மகளுக்கு நான்கு மாதம் முடிவதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாமியார் அவளைப் பார்த்துக்கொண்டார்.

வேலை நேரத்தில், வரிசையாக நின்று வயர் கட்டும் லைனை விட்டு நகர முடியாது. மார்பு கனத்து, பால் கசிந்து, மேலே போட்டிருக்கும் கம்பெனி கோட்டும் நனைந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறையில் நின்று கொஞ்சம் பிழிந்து விடுவேன். இடது காம்பில் ஒரு வெடிப்பு வேறு. மகள் வாய் வைத்தால் உயிர் போகும். பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் இருப்பதுதானே என்று பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போதே குளிர் தூக்கிப் போட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது மார்பு ஒரு பக்கமாகச் சிவந்து, கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. கணவர் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மார்பு வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் மார்பைப் பார்க்கவே இல்லை. “வெறும் பால்கட்டும்மா. பால் குடுக்கறத நிறுத்திடு, தானா வத்திடும்” என்றார். காய்ச்சலுக்கு ஊசி போட்டு மாத்திரை எழுதினார்.

டாக்டர் சொன்னபடி பாலை நிறுத்தினேன். பால் வற்றட்டும் என்று மாமியார் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார். கட்டி பெரிதானதுதான் மிச்சம். மகள் புட்டிப்பாலைத் துப்பினாள். என் அருகில் வந்தால் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து அழுதாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார். தெருக்கோடி வரை அந்த அழுகை கேட்கும்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் பார்க்க வந்தாள். “இன்னாக்கா, கட்டி இப்டி கீது? வேற எதனா இருக்கப் போவுது” என்று மாமியாரிடம் அவள் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. புற்றுநோய்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். “எனுக்கு எதனா ஆச்சுன்னா புள்ளய உங்க அக்காகிட்ட குடுத்துடு” என்று கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே நின்றார்.

மறுநாள் அவரும் மாமியாரும் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த பெண் டாக்டர், “எங்க வலிக்குது? காட்டும்மா” என்றார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஸ்கேனில் உள்ளே சீழ் கோத்திருந்தது.

“பயப்படாத, கேன்சர் இல்ல. நம்ம தோல் மேல இருக்கற கிருமிதான். வெடிப்பு வழியா உள்ள போயிருக்கு. பால் தேங்கினதும் பெருகிடுச்சு. பால யாரும்மா நிறுத்தச் சொன்னது?”

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கேயே சேர்த்துக்கொண்டு, ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். திரும்பவும் கோத்துக்கொண்டது. காய்ச்சலும் விடவில்லை. சீழைப் பரிசோதித்தபோதுதான், கொடுத்துவந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்று தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள். மார்பைக் கீறி வடித்தார்கள். காயத்துக்குள் வைத்த துணியைத் தினமும் உருவும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செத்துவிட்டால் போதும் என்று நினைப்பேன். “ஊட்ல புள்ள உனுக்காக அழுதுகினு கீதுமே, எய்ந்து வா” என்பார் கணவர்.

வலது மார்பில் பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். மகளை எடுத்து வந்து என் மடியில் போட்டார்கள். அவள் வாய் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமியாரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அதற்குள் புட்டிக்குப் பழகிவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் எத்தனையோ முறை முயன்றேன். கடைசியில் அந்தப் பாலும் வற்றிப்போனது. வேலையும் போயிற்று.

காயம் ஆறிவிட்டது. மகள் இப்போது சோறு தின்கிறாள், வீடு முழுக்க ஓடுகிறாள். நல்லவேளை பிழைத்தாய் என்கிறார்கள். பிழைத்தேன்தான். ஆனால் வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே ஒருவர் என்னைப் பார்த்திருந்தால் என் மகள் என்னிடமிருந்து முகம் திருப்பியிருக்க மாட்டாளே என்ற நினைப்பு, அவளைத் தூக்கி இடுப்பில் வைக்கும் ஒவ்வொரு முறையும் வருகிறது.