ஏரியைக் காட்டிய போன், பள்ளத்தைக் காட்டவில்லை

ஏழெட்டு வருஷம் இருக்கும். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப் போனேன்.

என் போனில் ஒரு செயலி. யாரும் சொல்லித் தரவில்லை, நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. கேமராவைக் காட்டினால், பழைய வரைபடத்தில் ஏரி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் திரையில் நீலமாகத் தண்ணீர் நிற்கும். நேரில் பார்த்தால் கம்பெனிச் சுவரும் காய்ந்த மேடும்தான்.

"மிஸ், கம்பெனி கேன்டீன் முழுகிடுச்சு" என்றான் ஒருவன். "எங்கப்பா உள்ள ஷிஃப்ட்ல கீறாருடா, அவருக்கு நீச்சல் தெரியாது" என்றான் இன்னொருவன். சிரித்துச் சிரித்து எனக்கே வயிறு வலித்தது.

ஒரு சூட்டிகையான பெண்ணிடம் போனைக் கொடுத்து, "நீலத்தோட ஓரமாவே நடம்மா, நாங்க பின்னாடி வரோம்" என்றேன். அங்கேதான் தப்பு செய்தேன். அவள் கண் திரையில். பார்த்துக்கொள்ள வேண்டிய என் கண்ணும் அதே திரையில்.

"ஏ பாப்பா, அப்படியே நில்லு."

கரையோர ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு அக்கா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஓடிவந்து அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எதிரே புல்தரை போலப் பச்சையாக இருந்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டார். பாசி விலகியது, கல் உள்ளே போயே போய்விட்டது. மண் அள்ளிய பள்ளம், ரெண்டு ஆள் ஆழம்.

"எங்க மாடு இதுலதான் வுழுந்துச்சு. இன்னா டீச்சர், உங்க போன்ல இது தெரியாதா?"

"பழைய வரைபடம்மா..." என்றேன்.

"பள்ளம் போன வருசம் எடுத்ததுதானே, அது எப்படித் தெரியும்" என்று எனக்காக அவரே சமாதானம் சொன்னார். "சரி, என் பின்னாடியே வாங்க." பஸ் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே எங்களை ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டினார். பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு, முந்தின நாளே போய் அங்கே நடமாடுகிறவர்களிடம் விசாரிக்காமல் நான் பிள்ளைகளை எங்கும் அழைத்துப் போனதில்லை.

அன்று போனைப் பிடித்து நடந்த அந்தப் பெண் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பாள். உட்காரும் முன் அவள் கையை ஒரு தரம் பிடித்துக்கொள்வேன். பேர் தெரியாத ஒருவர் விடாமல் பிடித்ததால் எனக்கு மிச்சமான கை அது.